கூடப் பிறந்தது

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறாள் செவ்வந்தி. முன்பு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். ஒரே மகள் தமிழ்மொழி போன வருஷம் இறந்த பிறகு வயல் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. ஐந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை. கணவன் அம்மாசி அதற்கு ஒரே காரணம்தான் சொல்வான். செவ்வந்தி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோது, சூரிய கிரகணத்தன்று காலையில் மாட்டுக்குப் புல் அறுத்தாள்.

"அன்னிக்கு நீ வூட்டுல கெடந்திருந்தா தமிழு உசுரோட இருந்திருப்பா."

அவள் சோறு போடும்போது சொல்வான், வேலைக்குக் கிளம்பும்போது சொல்வான். செவ்வந்தியும் அதை நம்பினாள்.

ஒருநாள் வராந்தாவைப் பெருக்கும்போது, அறிவியல் ஆசிரியை ரம்யா பாடத்தில் ஒரு வார்த்தை சொன்னது காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்ன அதே வார்த்தை. மணி அடித்ததும் செவ்வந்தி உள்ளே போனாள்.

"டீச்சர், கான்ஜெனிட்டல்னா இன்னாங்க?"

"அது லத்தீன்லேருந்து வந்ததுக்கா. 'கான்'னா கூட, 'ஜெனிட்டஸ்'னா பொறந்தது. கூடவே பொறந்ததுன்னு அர்த்தம். ஏங்க்கா?"

"கிரகணத்துல புல்லு அறுத்தா வருமா டீச்சர்?"

குழந்தை இறந்த விஷயம் ரம்யாவுக்குத் தெரியும்.

"வராதுக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எதனால வந்துச்சுன்னு இந்த வார்த்த சொல்லல. பல நேரம் டாக்டருக்கே தெரியாது. பொறக்கும்போதே இருந்துச்சு, அவ்ளோதான்."

சாயங்காலம் அம்மாசி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். செவ்வந்தி பக்கத்தில் போய் நின்று சொன்னாள்.

"கூடவே பொறந்ததாம்யா. யாரு மேலயும் தப்பு இல்லியாம்."

"படிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

கொஞ்ச நேரம் கலக்கினான். பிறகு கை நின்றது.

"அப்ப நான் யாரப் போய்க் கேக்கறது?"

தவிட்டுக் கையோடு அப்படியே தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதான். அடக்கம் செய்த அன்றுகூட அவன் அழவில்லை. தோளைத் தொடலாமா என்று நினைத்தாள். கை போகவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் கிரகணத்தைப் பற்றிப் பேசியதில்லை. மகளைப் பற்றியும் பேசுவதில்லை. முன்பெல்லாம் திட்டுகிற சாக்கிலாவது தமிழு தமிழு என்று அவன் வாயில் வந்துகொண்டிருந்தது. இப்போது வீட்டில் அந்தப் பெயரே கேட்பதில்லை.

பள்ளியில், இரண்டாம் வகுப்பில், ஒரு தமிழ்மொழி இருக்கிறாள். வருகைப்பதிவு எடுக்கிற நேரமாகப் பார்த்து, செவ்வந்தி அந்த வகுப்பு வாசலைப் பெருக்குகிறாள்.