விரிப்பின் நடுவில் ஒரு மடிப்பு

என் அண்ணனைக் கடையில் எல்லோரும் பேப்பர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் தரைவிரிப்பு விற்கிறவன். இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே ஸ்டூல். அதே கடையின் பின்பக்கத்து அறையில்தான் நான் திரைச்சீலை தைக்கிறேன். ஆகவே இதெல்லாம் காதால் கேட்ட கதை இல்லை, கண்ணால் பார்த்தது.

விரிப்பு வேண்டும் என்று யார் வந்தாலும் உடனே எடுத்துப் போட மாட்டான். ஒரு கட்டுப் பழைய நாளிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவான். சோபாவின் முன்கால்கள் மேலே ஏறுகிற அளவுக்குத் தாள்களைப் பரப்பி, ஓரத்தில் டேப் ஒட்டுவான். "இதுதான் உங்க கார்பெட்னு நினைச்சுக்கோங்க. ரெண்டு நாள் இதோட இருந்து பாருங்க. கதவு இடிக்குதா, கால் தடுக்குதா, எல்லாம் தெரிஞ்சுடும்" என்பான். கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பான்: "இந்த ரூம்ல நீங்க எங்க உட்காருவீங்க?" அதற்குப் பதில் தெரியாமல் ஒரு முழம் விரிப்புகூட விற்க மாட்டான். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவன் போட்டுக்கொடுத்த விரிப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை.

பழையதும் புதியதும் கலந்து கிடக்கிற வீடு என்றால் அவனுக்கு ஒரே குஷி. தாத்தா காலத்து அலமாரி ஒரு பக்கம், போன மாதம் வாங்கிய சோபா ஒரு பக்கம், இரண்டும் சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். "நடுவுல ஒரு ஆள் ரெண்டு பேர்கிட்டயும் பேசணும். அந்த ஆள்தான் கார்பெட்" என்பான். அலமாரியிலிருந்து ஒரு நிறம், சோபாவிலிருந்து ஒரு நிறம், போதும். பூவேலை பழைய மாதிரி இருந்தால் நிறம் அடக்கமாக இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து எதையும் வாங்கக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நின்று பார்க்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் நிற்க வேண்டும்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். அவன் வீட்டுக் கூடத்தில் ஒன்பது வருடமாக வெறுந்தரை.

அண்ணி நர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லி வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் போவதும் சுலபமாக இருந்தது, திரும்பாமல் இருப்பதும் சுலபமாக இருந்தது. இரண்டு நான்கானது, நான்கு ஆறானது. நடுவில் இரண்டு முறை வந்தார். இரண்டும் சாவுக்கு வந்தது. வந்த கையோடு கிளம்பிவிட்டார்.

முதலில் போவதற்கு முந்தின நாள் அண்ணன் கூடத்தில் தாள் பரப்பியிருந்தான். ஒரு பக்கம் அண்ணியின் அம்மா வீட்டிலிருந்து வந்த தேக்கு அலமாரி, பித்தளைக் கைப்பிடி வைத்தது. எதிரே இருவரும் சேர்ந்து வாங்கிய சாம்பல் நிற சோபா. அண்ணி தாள்மேல் நின்று பார்த்துவிட்டு, "நான் வந்ததும் ரெண்டு பேருமா நின்னு பார்த்து வாங்கலாம். அதுவரைக்கும் நீங்களா எதையும் போட்டுடாதீங்க" என்றார்.

தாள் கிழிந்து குப்பைக்குப் போயிற்று. டேப் மட்டும் இருந்தது, தரையில் நான்கு கோடுகளாக. அது உரிந்தால் புது டேப் ஒட்டுவான். ஒன்பது வருடமும் அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்காமல் சுற்றித்தான் போவான். ஒரு தடவை நான் தெரியாமல் அதற்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் எழுந்ததும் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தான். எனக்கு அண்ணிமேல் வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவர் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நாலாவது வருடம் கடைக்கு ஒரு விரிப்பு வந்தது. ஓரம் முழுக்க அந்தக் காலத்துக் கொடிப்பூ, கருஞ்சிவப்பில். நடுவில் ஒரு வேலைப்பாடும் இல்லாத வெறும் சாம்பல். அந்தச் சிவப்பு அப்படியே எங்கள் அண்ணி வீட்டுத் தேக்கு. அண்ணன் அன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. சாயங்காலம் அதன்மேல் 'விற்றது' என்று சீட்டு ஒட்டினான். பிறகு செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தான். "கார்பெட்டைச் சுருட்டணும், மடிக்கவே கூடாது" என்று ஊரெல்லாம் சொல்கிற ஆள், அதை இரண்டாக மடித்து, யார் கண்ணிலும் படாமல் என் துணிக்கட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டான். சுருட்டி நிறுத்தினால் எவனாவது பார்த்துவிடுவானாம். முதலாளிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார், நல்ல மனிதர்.

ஐந்து வருடம் அது அங்கேயே கிடந்தது. இந்த வருடம் அண்ணி ஃபோனில், "மூணு வாரம் வரேன். நேர்ல பேச வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றார். இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரேயடியாக வருவதைச் சொல்லத்தான் வருகிறார் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். நானும்தான். அலமாரியின் பித்தளையைப் புளி போட்டு நானே தேய்த்துக் கொடுத்தேன்.

அண்ணி வந்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தின் குறுக்கே நேராக நடந்து போனார். அண்ணன் "ஏய், மிதிக்..." என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். காபி குடித்து முடிக்கக்கூட விடவில்லை. விரிப்பைக் கொண்டுவந்து பிரித்துப் போட்டான். கோட்டுக்குக் கோடு சரியாக உட்கார்ந்தது. நடுவில் மட்டும் மடிப்பு ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"மடிச்சா வச்சிருந்தீங்க? நீங்களா?" அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நடக்க நடக்கப் போயிடும்" என்றான் அண்ணன்.

அண்ணி வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார், வந்தார். அலமாரியைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். "எவ்ளோ பொருத்தமா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் குனிந்து அந்தக் கொடிப்பூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இதே மாதிரி சின்னதா ஒண்ணு கிடைக்குமா? அங்க என் ரூமுக்கு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணியே சொன்னார். "முழு வார்டையும் என் பொறுப்புல விடறாங்க. நான் சரின்னுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"தெரியலைங்க. கட்டாயத்துக்குப் போறேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

என் நாக்கு துறுதுறுத்தது. அண்ணன் உள்ளே போனான். அழப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு கட்டுப் பழைய பேப்பரோடு வந்தான்.

"ரூம் எவ்ளோ பெருசு?"

அண்ணி திகைத்தார். "கட்டில்ல இருந்து நாலு எட்டு வச்சா சுவர்."

புது விரிப்பின் மேலேயே முட்டி போட்டுத் தாள்களைப் பரப்ப ஆரம்பித்தான். கட்டில் எந்தச் சுவர் ஓரம்? ஜன்னல் எங்கே? வெயில் காலையில் வருமா, சாயங்காலமா? கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? ஒன்பது வருடமாகத் தினமும் ஏழு மணிக்கு ஃபோனில் பேசியிருக்கிறார்கள். சாப்பிட்டியா, தூங்கினியா, குளிருதா. இதில் ஒரு கேள்விகூட அவன் கேட்டதில்லை. தன் வீட்டுக் கட்டத்தைக் காவல் காத்தவன், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அலமாரி?"

"அதெல்லாம் இல்ல. பெட்டிதான் அலமாரி."

அண்ணன் வீட்டுக் கூடத்துக்குள் அண்ணியின் அறை முழுசும் அடங்கிவிட்டது. அதற்குள் அண்ணி நின்றார். அண்ணன் கடைசியாக, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டான்.

"இந்த ரூம்ல நீ எங்க உட்காருவே?"

அண்ணி கட்டில் ஓரத்தைக் காட்டினார், ஜன்னல் பக்கம். "இங்க."

"எப்ப?"

"உங்களோட பேசறப்பதான். மத்தபடி உட்கார எனக்கு ஏது நேரம்?"

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அந்த இடத்தில் ஒரு தாளைக் கூடுதலாகப் போட்டு, டேப்பை நீட்டி ஒட்டினான். உட்கார்ந்தால் கால் படுகிற இடம் அது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுவாரம் இருவரும் கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் நின்று பார்த்தார்கள். அண்ணி மெல்லிய கோடு போட்ட புது மாதிரி ஒன்றை எடுத்தார். அண்ணன் வேண்டாம் என்றான். "அந்த ரூம்ல எல்லாமே புதுசு. இதாவது பழசா இருக்கட்டும்." கருஞ்சிவப்பில் கொடிப்பூ நிறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதை மடிக்காமல் சுருட்டி, இரண்டு இடத்தில் கட்டி, பெட்டியோடு அனுப்பினான்.

அந்த மூன்று வாரம் இரண்டு பேர் நடந்ததில் மடிப்பு பாதி இறங்கியிருந்தது. அண்ணி போனபின் அப்படியே நின்றுவிட்டது. பிறகு எப்படி இறங்கும்? பழையபடி இவன் விரிப்பைச் சுற்றித்தானே போகிறான்.

நேற்று நான் அங்கே இருந்தபோது ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"கால் எங்க வச்சிருக்கே?" என்று கேட்டான்.

"அதுமேலதான். அங்க மடிப்பு போயிடுச்சா?"

"போயிட்டே இருக்கு" என்றான், சுவரோரமாக நின்றுகொண்டு.

"நடக்கறீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பார்வையை நகர்த்தவில்லை. வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின்மேல் ஏறினான்.

"நடக்கறேன்" என்று சொல்லி, அந்த மடிப்பை மிதித்துக்கொண்டு அலமாரிவரை போனான். அங்கிருந்து திரும்பி வந்தான்.