கறுப்பு காரில் கோடு போட்டது யார்?

அந்தக் கறுப்பு காரில் கோடு போட்டது நீங்கள்தான், ஐயா. உங்கள் டிரைவர் இல்லை. நேரிலும் சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் படிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

போன வருடம் பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு வாட்டர் வாஷ் கடை இருக்கிறது. தண்ணீர் அடிப்பது என் கணவர். பாலிஷும் வேக்ஸும் நான். பொம்பளை பாலிஷ் போடுவாளா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கேட்டுவிட்டு வண்டியை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எனக்குப் பிடித்தது கறுப்பு வண்டிதான். வெள்ளை வண்டியில் அரைகுறையாகச் செய்தாலும் தெரியாது. கறுப்பு எதையும் மறைக்காது. முதலில் ஒரு துகள் மண்கூட இல்லாமல் கழுவ வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், அதனால் ஈரத்தை உடனே ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு நிழலில் நிறுத்தி, தகடு சூடு ஆறிய பின் காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை வைத்து மெஷின் ஓட்ட வேண்டும். கடைசியில் வேக்ஸைக் கையால் மெலிசாகப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. ஒழுங்காகச் செய்தால் எதிரே இருக்கிற புளியமரம் பானெட்டில் இலை இலையாகத் தெரியும். அந்த நேரத்தில் நான் யாரோடும் சண்டை போட மாட்டேன். மற்ற நேரத்தில் போடுவேன்.

அந்தக் காரின் சொந்தக்காரர் எங்கள் பக்கத்தில் நிறைய நிலம் வைத்துக் கரும்பு போடுகிற பெரிய மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் கஞ்சி போட்ட துண்டு. வண்டியை எப்போதும் அவருடைய டிரைவர்தான் கொண்டுவந்து விடுவார். பொங்கலுக்கு முன்னால் அந்த வண்டியை இரண்டு நாள் எடுத்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்று காலை டிரைவரையும் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். வண்டியை எங்கள் கடைக்குள் விடாமல், பக்கத்து டீக்கடை முன்னால் வெயிலில் நிறுத்தச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பானெட் முழுக்க மெல்லிய கோடுகள்.

"பொம்பள கையில குடுத்தேன் பாரு, என் புத்திய இன்னா சொல்றது" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. மெஷினில் விழுகிற கோடு வட்டமாக இருக்கும். இது நீள நீளமாக இருந்தது. தூசி இருக்கும்போதே காய்ந்த துணியால் தேய்த்தால் இப்படித்தான் விழும் என்று சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். எவன் தேய்த்தது என்று அவர் கேட்டார். நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே மஞ்சள் துணி ஒன்று மடித்தபடி இருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன்.

"இதாங்க. ஒங்க டிரைவரு தெனம் இதாலதான் தேச்சிக்கினு இருக்காரு."

டிரைவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்தவன்தான் அப்படிக் குனிவான் என்று நினைத்தேன்.

பெரிய மனிதர் கையை நீட்டி, "சாவியக் குடு" என்றார். அவ்வளவுதான். ஏழு வருட வேலை அதோடு முடிந்தது. டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். எனக்கு அப்போது வருத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. அன்றைக்கே பானெட்டை மறுபடி பாலிஷ் போட்டு, ஒரு கோடு இல்லாமல் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூரில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அதே கறுப்பு கார் நின்றது. கறுப்பு வண்டியைப் பார்த்தால் என்னால் சும்மா போக முடியாது. வந்த இடத்திலும் வேலையா என்று என் கணவர் முணுமுணுத்தார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். பானெட்டில் மறுபடியும் கோடுகள். அதே நீளம், அதே இடம்.

டிரைவர்தான் இல்லையே. அப்புறம் யார் போட்டது?

பதில் எதிரிலேயே வந்தது. பெரிய மனிதர் தன் மனைவியோடு கடைப் பக்கமிருந்து நடந்து வந்தார். இப்போது வண்டியை அவரேதான் ஓட்டுகிறார். மலை ரோட்டுத் தூசி பானெட்டில் படிந்திருந்தது. என்னைக் கவனிக்காமல் தோளில் இருந்த துண்டை எடுத்தார், பானெட்டில் இரண்டு இழு இழுத்தார், உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவர் கை தன்னால் செய்த வேலை அது. துண்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை.

"ஐயா, அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்குமா?"

வாங்கி, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கம்பி மாதிரி இருந்தது. கரையைப் பானெட்டின் மேல் பிடித்தேன், படாமல். கோடுகள் எல்லாம் அந்த அகலத்துக்குப் பட்டை பட்டையாக விழுந்திருந்தன. கோடு போட்டது நீங்கள்தான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவிதான் சிரித்தார்.

"நானும் தெனம் பாத்துக்கினுதான் இருக்கறேன். எறங்குனா ஒரு தொட, ஏறுனா ஒரு தொட. சொன்னா கேக்கற ஆளா?"

எனக்குக் கோபம் அந்த அம்மா மேல் திரும்பியது. அப்படியானால் டிரைவரை அனுப்பியபோது ஏனம்மா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "நீதானம்மா துணிய எடுத்துக் காட்டுனியாமே" என்றார்.

அவர்கள் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அருவியில் பிள்ளைகள் குளித்தார்கள். நான் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கருணாபுரத்தில் டிரைவர் வீட்டைத் தேடிப் போனேன். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முதுகெல்லாம் வெங்காயத் தோல். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அழவில்லை, நீட்டவும் இல்லை. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

"வுடுங்கக்கா" என்றார் அவர். "அது எம் பொண்ணோட பழைய பாவாட. கண்ணாடிக்கு உள்பக்கம் தொடைக்க வச்சிருந்தேன். பெயின்ட்டு மேல வெச்சதே இல்ல. காஞ்ச துணி வெக்காதன்னு நீங்கதான சொன்னீங்க, மொத தபா வண்டி எடுத்தாந்தப்ப."

நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மொதலாளி துண்டைப் பத்து பேருக்கு முன்னால் எப்படியக்கா சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்த வாரம் பெரிய மனிதர் பாலிஷ் போட வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டு, டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தால்தான் இந்த வண்டியில் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் திமிர் ஜாஸ்தி என்று திட்டிவிட்டுப் போனார். நான்காம் நாள் அந்த வண்டி வந்தது. இறங்கியது டிரைவர். மொதலாளி போன் பண்ணி வரச் சொன்னார், வந்துவிட்டேன் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைக் கழுவினோம். சாயங்காலம் வேக்ஸைத் துடைத்து எடுத்தபோது புளியமரத்தோடு எங்கள் இரண்டு பேர் முகமும் பானெட்டில் தெரிந்தது. மாதம் ஒரு தடவை இப்போதும் வருகிறார். மெத்தென்ற துணி இரண்டு கொடுத்திருக்கிறேன். மொதலாளியின் துண்டு இப்போது தோளிலேயே இருக்கிறதாம். வண்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது. எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது, ஒன்றைத் தவிர.

டீக்கடையில் டிரைவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னாப்பா கோடு, டீ சாப்புட்றியா?" என்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிக்கிறார். தப்பு என்னுடையது என்று அதே இடத்தில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இந்த அம்மா பாவம் பார்த்துப் பேசுகிறது என்று சிரிக்கிறார்கள். என் வேலைக்கு வந்த கெட்ட பேரை நான் இன்னொருவர் தலையில் இறக்கி வைத்தேன். இறக்கியது ஒரு நிமிடம். ஒரு வருடமாகியும் திரும்ப எடுக்க முடியவில்லை. கையில் ஒரு துணி கிடைத்தது என்பதற்காக ஒரு மனிதரைக் காட்டிவிடக் கூடாது என்பது எனக்கு இப்படித்தான் புரிந்தது.

ஐயா, அவர்கள் நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். காலை ஏழு மணிக்கு அந்தக் கடையில் எல்லோரும் இருப்பார்கள், உங்கள் டிரைவரும் இருப்பார். வந்து, அவர் பக்கத்தில் நின்று, கோடு போட்டது யார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எப்போது வருகிறீர்கள்?