வெள்ளித்தாள் ஒட்டிய பட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் செத்துப்போனது. என் மகள் அதைச் சுவரில் தட்டினாள், தொடையில் தட்டினாள், பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டாள். கடைசியில், "அப்பா, அமுங்குது, ஆனா கேக்க மாட்டேங்குது" என்று என்னிடம் நீட்டினாள். புது ரிமோட் வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் என் கை அதற்குள் ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போய்விட்டது.

திறந்ததும் அந்த வாசனை வந்தது. பிஸ்கட் தூள், கை வியர்வை, பழைய ரப்பர் மூன்றும் கலந்த வாசனை. ரிமோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டன்களுக்கு அடியில் ரப்பர் இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு தேய்ந்துவிட்டால் என்ன அமுக்கினாலும் வேலைக்காகாது. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைப் பொட்டளவுக்கு வெட்டி, பசை தடவி, ரப்பருக்கு அடியில் ஒட்டி மூடினேன். டிவி அலறியது.

"யாருப்பா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்றாள் மகள்.

அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பேஸ்பால் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிரிக்காதீர்கள். சிதம்பரத்தில் பேஸ்பால் லீக் நடத்தியவன் நான். மைதானத்தில் இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில், பதினாலு அங்குல டிவியில். சின்ன வயதில் வாங்கிய டிவி கேம் ஒன்று பரணில் கிடந்தது. மஞ்சள் கேசட் போட்டு ஆடுவது. கேசட்டை ஊதி ஊதிச் சொருகினால் நாலு தடவைக்கு ஒரு தடவை படம் வரும். எங்களிடம் இருந்த கேசட்டுகளில் உயிரோடு இருந்தது ஒன்றுதான், அதில் இருந்தது பேஸ்பால். ஜப்பான் எழுத்தோ சீன எழுத்தோ, மெனுவில் ஒன்றும் புரியாது. கிரிக்கெட் கேசட் ஒன்று உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

இது 2008. டிகிரி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, வேலை இல்லை. அப்பா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, நான் இருக்கும்போது அம்மாவிடம் பொதுவாகப் பேசுவார். "கரண்டு பில்லு ஜாஸ்தியா வருது" என்பார். அது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் வருவார்கள். அந்தோணி மஞ்சக்குப்பத்திலிருந்து வருவான், கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ராஜவேலு குறிஞ்சிப்பாடி, பிஎட் படித்துக்கொண்டிருந்தான். கலியமூர்த்தி கிள்ளை. அவனை நாங்கள் கலியன் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். இவன் போகவில்லை, சிதம்பரத்தில் ஒரு டிவி மெக்கானிக் கடையில் இருந்தான். மூன்று பேருமே கல்லூரிக் காலத்துச் சிநேகிதர்கள். கலியன் மட்டும் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டான்.

முதல் மாதம் ஆட்டம் என்ன என்றே எங்களுக்குத் தெரியாது. இன்னிங்ஸை ஓவர் என்றோம், வேலியைத் தாண்டினால் சிக்ஸர் என்றோம். பந்தை அடித்துவிட்டு ஓடாமல் நின்றவன் ஏன் அவுட் ஆகிறான் என்று ராஜவேலுவும் அந்தோணியும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள். நான் கீழ வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் விதிகளை இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இரண்டு பக்கம்தான் என்னைத் தலைவர் ஆக்கியது. அன்றிலிருந்து அவுட்டா இல்லையா என்பதை நான்தான் சொல்வேன். ஒரு நீளமான நோட்டில் அட்டவணை போட்டேன், அணிகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தேன். கேசட்டில் எதையும் சேமிக்க முடியாது. கரண்டு போனால் ஆட்டமே போய்விடும். அப்போது கரண்டு போகாத நாள் கிடையாது. அதனால் ஒன்பது ஓவருக்குப் பதில் ஐந்து ஓவர், மூன்று முடிவதற்குள் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து என்றெல்லாம் விதி எழுதினேன். "தலைவரே, இதுக்கு என்ன ரூலு?" என்று மூன்று பேர் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? வாரத்தில் மற்ற ஆறு நாளும் அதற்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஜாய்ஸ்டிக். முதலாவதில் பந்தை அடிக்கிற பட்டன் தேய்ந்துபோயிருந்தது. கலியன் ஒருநாள் அதைத் திறந்து, யாரோ போட்டிருந்த சிகரெட் அட்டையிலிருந்து வெள்ளித்தாளை உரித்து, நகவெட்டியால் வட்டமாக வெட்டி ரப்பருக்கு அடியில் ஒட்டினான். வேலை செய்தது. "ஆனா கொஞ்ச நாள்தான் மச்சான் தாங்கும். அப்பப்ப மக்கர் பண்ணும்" என்றான்.

உடனே நான் நோட்டில் ஒரு விதி எழுதினேன். வீட்டுக்காரன் எப்போதும் கெட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும், விருந்தாளிக்கு நல்லது. அதாவது முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் எனக்கு. மற்றவர்கள் மோதும்போது சீட்டு எடுத்துக்கொள்வார்கள். அந்தோணி எழுந்து கை கொடுத்தான். ராஜவேலு, "மாமா, நீ மனுசன் மாமா" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

கலியன் ஆரம்பத்தில் மோசமாக ஆடினான். ஆனால் கவனிப்பான். நாங்கள் ஆடும்போது டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து எறிகிறவனின் கால் எப்படித் தூக்கினால் பந்து எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். நான்காவது மாதம் அவன் அந்தோணியை வென்றான், அடுத்த வாரம் ராஜவேலுவை. இறுதி ஆட்டத்துக்கு அவனும் நானும் வந்து சேர்ந்தோம்.

இன்னொரு விதியும் இருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன், நான் தோற்கவே மாட்டேன் என்ற தைரியத்தில். ஜெயிக்கிறவன் வீட்டில்தான் அடுத்த வருட லீக் நடக்கும். நோட்டும் அவன் கைக்குப் போகும்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கலியன் சொன்னான்: "எங்க ஊட்ல டிவி ரெடி பண்ணிட்டன். கடைல ரிப்பேருக்குக் குடுத்துட்டுத் திரும்ப வாங்காம போட்டுட்டுப் போனது ரெண்ட சேத்து ஒண்ணாக்கிட்டன். அம்மா கேக்குது, நீங்கள்லாம் நண்டு சாப்புடுவீங்களா, எறாதான் சாப்புடுவீங்களான்னு."

"மொதல்ல ஜெயிடா" என்றான் அந்தோணி.

"ஜெயிச்சாத்தான் வருவீங்களா?" என்று சிரித்தான் கலியன்.

எல்லோரும் சிரித்தோம். அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவன் எங்கள் வீட்டில் எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருக்கிறான் என்று அம்மாவைக் கேட்டால் சொல்ல முடியாது, அவ்வளவு. மஞ்சக்குப்பத்துக்குப் போய் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டிருக்கிறோம். குறிஞ்சிப்பாடியில் ராஜவேலு அக்கா கல்யாணத்துக்கு மூன்று நாள் கிடந்திருக்கிறோம். பிச்சாவரத்துக்குப் படகில் போகக் கிள்ளை வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம். ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை. அவன் கூப்பிடாமல் இல்லை. நாங்கள் போகவில்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லாமலேயே நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒரு விதியால்தான் எங்களை அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். விளையாட்டில் ஜெயித்து வாங்க வேண்டியதா அது?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பழகிப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் ஜாய்ஸ்டிக் மக்கர் பண்ணியது. ஐந்து தடவை அமுக்கினால் ஒரு தடவை மட்டை சுற்றவில்லை. வெள்ளித்தாள் தேய்ந்துவிட்டது. சும்மா பார்க்கத்தான் திறந்தேன். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இரண்டாவதையும் திறந்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டேதான் செய்தேன். இரண்டு ரப்பரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டாவதில் இருந்த நல்ல ரப்பரை எடுத்து முதலாவதில் வைத்தேன். கலியன் வெள்ளித்தாள் ஒட்டிய ரப்பரை இரண்டாவதில் வைத்து மூடினேன். மொத்தம் எட்டு ஸ்குரூ. ஒவ்வொரு ஸ்குரூவைத் திருகும்போதும் நிறுத்தியிருக்கலாம்.

நோட்டும் வீடும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் நான் வெறும் வேலையில்லாதவன் ஆகிவிடுவேன் என்ற பயம். காரணம் அவ்வளவுதான். இப்போது எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் முதல் ஜாய்ஸ்டிக்கை நானே எடுத்துக்கொண்டேன். "ஃபைனல்லயாவது சீட்டு எடுத்துப் பாக்கலாமே மாமா" என்றான் ராஜவேலு. "ரூல்னா ரூல்தான். நம்ம ஊட்டுக்கு வந்தவனுக்கு நல்லது" என்றேன். இதைச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

ஐந்தாவது ஓவர். நான் ஒரு ரன் முன்னால். கலியன் மட்டை பிடிக்கிறான், இரண்டு பேர் அவுட், மூன்று மூலையிலும் அவன் ஆட்கள் நிற்கிறார்கள். ஒழுங்காக ஒரு அடி அடித்தால் அவன் ஜெயித்தான். பந்து மூன்று தடவை தப்பினால் அவுட், இரண்டு தப்பியாகிவிட்டது. நான் எறிந்தது மெதுவான பந்து, நேராக நடுவில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அடித்திருக்கும். டிவியில் அந்தச் சின்ன ஆள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

கலியன் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தான். "நான் அமுக்குனன். மட்டை சுத்தல."

"ரெண்டாவது நல்ல ஜாய்ஸ்டிக்காச்சே" என்றான் அந்தோணி.

"அதான் தெரியல. குடு, தொறந்து பாத்துட்டு இந்தப் பந்த மட்டும் மறுபடி போடுவோம்."

நோட்டை எடுத்தேன். "ஆட்டம் முடியறதுக்குள்ள தொறக்கக் கூடாது. ரூல் இருக்கு" என்றேன்.

"எங்க இருக்கு?"

"இரு" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே எழுதினேன். அந்தோணி சிரித்துவிட்டான், ராஜவேலுவும் சிரித்தான். நான் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். "தோத்தா ஒத்துக்கணும்டா. ஆட்டத்துலயும் மெக்கானிக் வேலையக் காட்டாத" என்றேன். கலியன் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தான். மறு பந்து இல்லாமலே ஆட்டம் முடிந்தது.

கிளம்பும்போது அந்தோணிதான் கலியனிடம், "அத எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் குடேன்" என்றான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கலியன் அதற்குள் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வாசலிலேயே நின்றான். "புது ரப்பர் போட்டுட்டன். இனிமே பிரச்சனை பண்ணாது" என்று ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "பழசு இதுல இருக்கு."

பிரித்தேன். நகவெட்டியால் வட்டமாக வெட்டிய வெள்ளித்தாள், தேய்ந்து, ரப்பரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கையால் வெட்டியதை அவனுக்குத் தெரியாதா? நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடுத்த வருசமும் உங்க ஊட்லயே வச்சிக்க மச்சான்" என்றான். கோபமே இல்லை குரலில். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. கடையில் வேலை ஜாஸ்தி என்று மற்றவர்களிடம் சொன்னானாம். மற்றவர்களுக்கு அவன் இதைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. மூன்று பேர் லீக் இரண்டு மாதம் நொண்டியடித்து நின்றுபோனது.

2011 கடைசியில் அடித்த புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பரணில் இருந்த டிவி கேம், கேசட், நோட்டு எல்லாம் ஊறிப்போயின. நோட்டில் மை கரைந்து ஒரு விதிகூட மிஞ்சவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் கிள்ளைக்குப் போனேன். புயலில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கப் போகிற சாக்கு. முதல் தடவையாக அந்த ஸ்டாப்பில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு போனேன். கலியன் இல்லை, வெளிநாடு போய் ஒரு வருடம் ஆகிறது, ஏசி வேலை. அவன் அம்மா இருந்தார். முன்னறையில் அந்த டிவி இருந்தது. பெட்டி ஒரு நிறம், முகப்பு ஒரு நிறம்.

"சிதம்பரத்துத் தம்பியா? கேம் ஆடுவீங்களே, அவங்களா?" என்றார்.

"ஆமாம்மா."

"உங்களுக்கெல்லாம் ஆக்கிப் போடணும்னு அப்ப ரொம்ப ஆசப்பட்டான். அப்புறம் வந்து, தோத்துட்டன், அவுங்க நல்லா ஆடுனாங்கம்மான்னு சொன்னான்."

உட்காரச் சொன்னார். நண்டுக் குழம்பு இருந்தது. ஒரு தட்டு வைத்தார். நான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து, இல்லம்மா அவன் தோற்கவில்லை என்று சொல்ல நாலு வார்த்தை போதும். கை கழுவி, வரேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது அந்த மாதிரி கேசட் எங்கேயும் கிடையாது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் ஏதோ பேக்கரி. அந்தோணியும் ராஜவேலுவும் வருடத்துக்கு ஒருமுறை போனில் வாழ்த்துச் சொல்வதோடு சரி. கலியனின் நம்பர் அந்தோணியிடம் இருக்கிறது, நான் கேட்டு வாங்கியதில்லை. பொட்டலத்தைக் கொஞ்ச நாள் பர்ஸில் வைத்திருந்தேன். பர்ஸ் மாறும்போது எங்கே போனதோ.

மகள் கேட்டாள் அல்லவா, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று. ரிமோட்டை மூடி, கடைசி ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொன்னேன்.

"யாரும் சொல்லிக் குடுக்கலமா. அப்பாவே கத்துக்கிட்டதுதான்."