பின்னறையில் யார் படுத்திருந்தார்கள்

எங்கள் குடும்பத்தில் யார் வீடு வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேனாம். பார்க்கிறேன், யார் இல்லை என்றது? வெயிலில் வீடு பார்க்கக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பேன். நல்ல மழை கொட்டும்போதுதான் ஓட்டுக்கூரையின் யோக்கியதை தெரியும். மரத்தூணில் கொண்டை ஊசியைக் குத்துவேன். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் கரையான் என்று அர்த்தம். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பார்ப்பேன். இதெல்லாம் என் சொந்தப் புத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஒரு பெண்ணிடமிருந்து ஒரே காலையில் கற்றுக்கொண்டது. அவள் என் வீட்டை வாங்க வந்தவள். நான் ஏமாற்றியவள்.

அது முப்பதுகளின் தொடக்கம். என் கணவர் பினாங்குத் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற உத்தியோகம். பட்டணத்துக்குள் ஒரு சந்தில், அவருடைய அப்பா விட்டுப்போன சின்ன மாடிவீடு எங்களுடையது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வாசலில் அஞ்சடி என்று நாங்கள் சொல்கிற கூரைபோட்ட நடைபாதை. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டினால் பின்னறை. வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். அந்த அறையில் என் நாத்தனார் எட்டு மாதம் இருமி இருமிச் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. சயரோகம்.

வெளியில் மூச்சு விடவில்லை. சொன்னால் முனிசிபாலிட்டி ஆட்கள் மருந்தடிக்க வருவார்கள், சந்தே திரண்டு வேடிக்கை பார்க்கும், பிறகு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட யாரும் குடிக்கமாட்டார்கள். விஷக்காய்ச்சல் என்று சொல்லி, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்தோம். பாயையும் தலையணையையும் கொளுத்தினோம், அறையைப் பூட்டினோம். என் மகன் அப்போது தவழ்கிற பிள்ளை. தவழ்ந்து தவழ்ந்து அந்தக் கதவடிக்கே போய் உட்காருவான். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். வீட்டை விற்றுத் தொலையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிடுவேன் என்று கணவரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். என் பிள்ளை பிழைக்கவேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தீபாவளி வந்தால் ஊரில் எல்லாத் தமிழ் வீட்டிலும் சுண்ணாம்பு வாடைதான். எதை மறைக்க அடித்தாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த வாரமே, கொட்டுகிற மழையில் அவள் வந்தாள். புருஷனுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரில் ரயில்வே வேலை. விடிந்தால் ஃபெரி ஏறிப்போய் இருட்டித்தான் திரும்புவார், அதனால் வீடு பார்க்கிற வேலை இவளுடையது. குடைக்குள் ஒட்டிக்கொண்டு பதின்மூன்று வயது மகள். ஒரே பிள்ளை. அதுவரை வாடகைக்கு இருந்த வீட்டில் மழைக்கு மூலைக்கு மூலை சட்டி வைத்தே சலித்துப்போனாளாம்.

வந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவித் தூண்தூணாகக் குத்தினாள். முற்றத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அக்கா, பௌர்ணமிக்குக் கடல் ஏறுனா இங்க தண்ணி வருமா?"

"வாசல் அஞ்சடி வரைக்கும் வரும். உள்ள வராது."

அது உண்மை. மாடிப்படியில் மூன்றாவது பலகை ஆடும் என்று நானாகவே காட்டிக்கொடுத்தேன். சமையல்கட்டு ஓட்டில் ஒரு விரிசல் இருக்கிறது என்றும் சொன்னேன். வீடு வாங்குகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். விற்கிறவள் கேட்காமலே சின்னச் சின்னக் குறைகளை எடுத்துச் சொன்னால் உடனே உருகிவிடாதீர்கள். அவள் உருகினாள். "ஒங்கள மாதிரி உள்ளதச் சொல்ற ஆள நான் பாத்ததில்ல லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகப் பின்னறை. சுவரைத் தடவினாள், விரலில் வெள்ளை ஒட்டியது.

"இந்த மழையில ஏன்க்கா சுண்ணாம்பு அடிச்சீங்க? காயவே இல்லியே."

"தீபாவளி வருதுல்ல."

"எங்க வீட்டுலயும் அதே கூத்துதான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அடுத்ததையும் கேட்டாள்.

"இந்த ரூம்ல யாரு படுத்திருந்தாங்க?"

"யாருமில்ல. அரிசி மூட்டை போட்டு வச்சிருந்தோம்."

நாக்கு கூசவில்லை. ஊசியால் அத்தனை தூணைக் குத்தினாளே, பாவி என்னை ஒரு குத்துக் குத்திப் பார்த்திருக்கக்கூடாதா! அவள் மகள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தது. "அம்மா, இது எனக்கு" என்றது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்படித்தான் அந்த வீட்டை அவள் தலையில் கட்டினேன். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று என் கணவர் சொன்னதால், அதே சந்தில் நாலு வீடு தள்ளி, ஒரு கடைக்கு மேல்மாடியில் குடிபோனோம். அந்தப் பெண் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போவதைத் தினமும் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒன்றும் ஆகாது, சுண்ணாம்பு எல்லாவற்றையும் கொன்றிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது தீபாவளிக்குப் பிறகு ஒருநாள், பட்டப்பகல் வெயிலில் அந்தப் பெண் அஞ்சடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னல் எலிவால் கணக்காக இளைத்துவிட்டது. எனக்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். அன்றைக்காவது போய், அறையை மாற்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லியிருக்கலாம். நாலு வீடு தூரம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தனுப்பினேன். சூப்! த்தூ.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே அறைக்குத்தான் திரும்பி வந்தது. அங்கேயே போய்விட்டது.

எடுத்த அன்று பெண்கள் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுச் சீனத்தி, நல்ல மனுஷி, அழுதுகொண்டே மலாயில் சொன்னாள்: "டூலு பூன் அடா ஓராங் பாத்தோக் சினி." முன்னேயும் இங்கே ஒரு ஆள் இருமிக்கொண்டிருந்தார்கள் என்று. பொதுச்சுவர் அல்லவா, எட்டு மாதமும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. செத்தவளின் தாய் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலை என் ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் வீட்டு வரைக்கும் வந்துட்டுப் போங்க."

போனேன். வீட்டை விற்கிறாள். பார்க்க வந்த புருஷனும் பெண்சாதியும் புக்கிட் மெர்தாஜாம்காரர்கள், பட்டணத்தில் கடை வைக்கப் போகிறார்களாம். பெண்சாதி இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கூரை, தூண், சாக்கடை எல்லாம் பார்த்து முடித்துப் பின்னறையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சுவருக்கு அவள் சுண்ணாம்பு அடிக்கவில்லை. மகள் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் தலையெண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

"நல்ல காத்து வருது. புள்ளய இங்கயே போட்டுக்கலாம்" என்றாள் அந்தப் பெண்சாதி.

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"இவங்கதான் எனக்கு வித்தவங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "அக்கா, இந்த ரூம்ல யாரு படுத்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

அன்று கேட்ட அதே குரல். சிரிப்பு மட்டும் இல்லை. குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது.

"ரெண்டு பேரு" என்றேன். "மொதல்ல என் நாத்தனாரு. அப்புறம் இவங்க மக. ரெண்டு பேருக்குமே சயரோகம். இங்கதான் செத்தாங்க."

அந்தப் பெண்சாதி குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். புருஷன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே போனான். வீட்டுக்காரி போய் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"இவ்வளவுதானேக்கா" என்றாள். "அன்னிக்கும் இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்துச்சு."