மசுயோவின் வலது கால்

எங்கள் ஊரில், குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க மாட்டுகிற பனி டயரைக் கடைசியாக மாட்டிக்கொள்கிற ஆள் மசுயோதான். நவம்பர் பிறந்ததும் ஊரே என் பட்டறை வாசலில் வரிசை கட்டும். மாட்டுவதும், கழற்றியதைக் கழுவி அடுக்குவதுமாக எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அந்தக் கூட்டமெல்லாம் வடிந்து, இனோகோ கணவாயின் உச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவள் வருவாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் அதே பதில்தான் வரும்.

"பனி டயர் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது குரோடா. மைலேஜ் போயிடுது."

நானும் அவளும் ஒரே வகுப்பு. நடுநிலைப் பள்ளியோடு இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்தது. நான் ஸ்பானர் பிடிக்கப் போனேன், அவள் மீன் அரைக்கிற ஆலைக்குப் போனாள். ஆலையை மூடிய பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற முதியோர் பகல் இல்லத்தில் சமையலறை வேலை கிடைத்தது. காலையில் கணவாயைத் தாண்டிப் போவாள், சாயங்காலம் தாண்டி வருவாள். அதற்காக என்னிடம்தான், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினாள். வெள்ளை நிறம், சின்ன வண்டி. அவள் புருஷன் மரம் ஏற்றுகிற லாரிக்காரன். சத்தம் வராத வண்டியில் உட்கார்ந்தால் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று அதில் ஏறவே மாட்டான்.

அந்த வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டி முடித்து நிறுத்தியதும், எவ்வளவு சிக்கனமாக ஓட்டினீர்கள் என்று திரையில் நூற்றுக்கு மார்க் போடும். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் வாங்கியதைக் கூட்டினால்கூட நூறு வராது. முதல் தடவை தொண்ணூறைத் தாண்டிய அன்று, மீன் வாங்கப் போன இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றுதான். அவளுக்கு லிட்டருக்கு முப்பத்திநாலு கிலோமீட்டர் கொடுத்தது. அதே கம்பெனி, அதே வருஷத்து வண்டி என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் வண்டிப் பட்டறைக்காரன். எனக்கு இருபத்தாறு. திரை பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். டாங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொய் இல்லை. எண்ணெய் மாற்ற வந்தபோது டயரில் காற்று பார்த்தேன், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் வண்டி மாதிரியேதான் இருந்தது, கொஞ்சம் சுத்தமாக.

போன வருஷம் டயர் மாற்ற நிஷிவாகி வந்தார். மசுயோ வேலை செய்கிற இல்லத்துக்கு மேலாளர். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். தினமும் அதே கணவாய், அதே நேரம். ஒரு டப்பா காபியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். மரியாதைக்குப் பேரோடு "சான்" சேர்ப்பது எங்கள் வழக்கம்.

"மசுயோசான் உங்ககூடப் படிச்சவங்களாமே."

"ஆமா."

"ரொம்பக் கவனமா வண்டி ஓட்டுறாங்க."

"ஓட்டுவா."

"ரொம்ப... ரொம்பவே கவனமா."

எங்கள் பக்கத்தில் ஒரே புகழ்ச்சியை இரண்டு தடவை சொன்னால் அது புகழ்ச்சி இல்லை. நட்டை முடுக்கிக்கொண்டே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இல்லத்தில் முதியவர்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுநர் வருஷக் கடைசியில் நிற்கப்போகிறார். அந்த வேலையை மசுயோ கேட்டிருந்தாள். பாத்திரம் கழுவிக் கழுவி அவள் விரல்கள் குளிரில் வெடித்து ரத்தம் கசியும். இன்னொரு குளிர்காலம் சமையலறையில் தாங்காது, ஸ்டீரிங் கிடைத்தால் இருப்பேன், இல்லையென்றால் நின்றுவிடுவேன் என்று என்னிடமே சொல்லியிருந்தாள். நிஷிவாகி அந்த வேலையை அவளுக்குக் கொடுக்கப்போவதில்லை. கொடுக்கமாட்டேன் என்று வாயால் சொல்லவும் போவதில்லை.

என்ன செய்துவிட்டாள் இவள்? முப்பத்திநாலோடு இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலையில உன்கூட வர்றேன். நீ எப்படி ஓட்டுறன்னு பாக்கணும்."

"என் வித்தையத் திருடப் பாக்கிறியா?"

"ஆமா."

"வா. ஆனா அந்த வயித்தைக் கொஞ்சம் வீட்டுல வச்சுட்டு வா. எடை கூடுது."

காலையில் அவள் வீட்டு முன்னால் போய் நின்றேன். வண்டியில் ஏறியதும் தடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் வகுப்புக்குள் போட்டுக்கொள்கிற மெல்லிய வெள்ளைத் துணிச் செருப்பை மாட்டினாள்.

"இது என்ன வேஷம்?"

"கால்ல தெரியணும். பூட்ஸ் போட்டா நான் ஒண்ணு சொல்ல, கால் ஒண்ணு சொல்லுது."

ஊருக்குள் அவள் ஓட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. விவசாயிகள் சங்கத்துக்குப் பக்கத்தில் சிக்னல். அது பச்சையாக இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். நடப்பவர்களுக்கான விளக்கு சிமிட்ட ஆரம்பித்ததைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறாள். வண்டி தானாகவே தளர்ந்து, தளர்கிற வேகத்தையெல்லாம் பேட்டரிக்குள் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வந்தபோது பிரேக்குக்கு வேலையே இல்லை. அங்கிருந்து கிளம்பும்போது எஞ்சின் எழுந்திருக்கவில்லை. டயர் உருளும் சத்தம் மட்டும். பாலத்தைத் தாண்டினோம், கோயில் வளைவைத் தாண்டினோம். அவள் குரலைத் தாழ்த்தி, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் சொன்னாள்.

"இப்ப ஓசியில போறோம்."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் முப்பது வருஷமாக வண்டிகளோடு கிடக்கிறேன். ஓட்டுவதில் இப்படி ஒரு சுகம் இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

கணவாய் ஏற்றம் தொடங்கியது. அங்கேதான் எனக்கு உறைத்தது. வேகம் குறைந்தது, மேலும் குறைந்தது. முட்டையை மிதிப்பதுபோல ஆக்சிலேட்டரில் கால். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வண்டிகள். வளைவு திரும்பும்போது பார்த்தால் அடுத்த வளைவு வரைக்கும் வண்டிகள். பால் லாரி, பள்ளிக்கூட ஆசிரியர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் அடிக்கமாட்டார்கள். அந்தக் கணவாயில் நான் கேட்ட கடைசி ஹாரன் ஒரு காட்டுப்பன்றிக்காக.

"பின்னாடி பாத்தியா?"

"பாப்பேனே. தினமும் இவங்கதான். எல்லாரும் என்கூட வர்றாங்க."

"கூட வர்றாங்களா?"

"நான் ஆட்டாம அசைக்காமப் போறேன் இல்ல, பின்னால வர்றது சுகமா இருக்கும்போல. உச்சியில ரோடு அகலமாகுதே, அங்க தாண்டிப் போறப்ப ஒவ்வொருத்தரும் ரெண்டு பக்க இண்டிகேட்டரையும் சிமிட்டி நன்றி சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தர் பாக்கியில்ல."

அந்தச் சிமிட்டல் எங்கள் பழக்கம். யாராவது வழி விட்டால் நன்றிக்கு இரண்டு தடவை சிமிட்டுவோம். உச்சியில் அவள் இடது ஓரமாகப் போகிறாள், மற்றவர்கள் தாண்டுகிறார்கள், வழி விட்டதற்குச் சிமிட்டுகிறார்கள். அதை இவள் தன் ஓட்டத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

"கூட வரல மசுயோ. மாட்டிக்கிட்டு வர்றாங்க."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பனி நாளில் டயருக்குச் சங்கிலி மாட்டுவதற்கென்று பாதி மலையில் ஒரு காலி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. சிமிட்டல், சிமிட்டல், சிமிட்டல். ஒவ்வொன்றுக்கும் அவள் ஸ்டீரிங்கில் நெற்றி படும்படி குனிந்து வணங்கினாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீல வண்டி. உள்ளே நிஷிவாகி. அவரும் குனிந்தார். இவளும் குனிந்தாள். வண்டி போய்விட்டது.

"இவரும் தினமும் பின்னாலயா?" என்று கேட்டேன்.

"தினமும்."

"நாலு வருஷமாவா?"

"வண்டி வாங்கி நாலு வருஷம்னா, அப்படித்தான்" என்று இழுத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல யாராவது." நீல வண்டி போன வளைவைப் பார்த்தபடி, "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

அவள் முகம் அவமானத்தில் சிவந்துபோயிருந்தது. ஆனால் கேட்ட கேள்வி வேறு.

"வேகமா ஏறினா எவ்வளவு குறையும்?"

"தெரியாது. மலையோட உயரம் அதேதான். நீ மெதுவா ஏறினாலும் ஏறணும், வேகமா ஏறினாலும் ஏறணும்."

"அப்ப பாத்துருவோம்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சாயங்காலம் நேரே பட்டறைக்கு வந்துவிடுவாள். முதல் நாள் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான்தான் அவளைக் கெடுத்தேன் என்று திட்டினாள். பயத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்திருக்கிறாள் என்று விசாரித்த பிறகு தெரிந்தது. பிறகு ஒரு நாள் உச்சியில் பேட்டரி நிரம்பியிருந்தது, இறக்கத்தில் கிடைத்ததைப் போட இடமில்லை, அத்தனையும் வீண் என்று சொன்னாள். அடுத்த நாள், உச்சிக்கு முன்னால் இருக்கும் கடைசி வளைவுகளில் பேட்டரியைச் செலவழித்துவிட்டு, காலி டப்பாவோடு இறக்கத்தில் விட்டாள். கடல் தெரியும் இடத்துக்கு வரும்போது அது நிரம்பிவிட்டது. ஒரு வாரத்தில், மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஏறியே முப்பத்திமூன்றுக்கு வந்துவிட்டாள்.

"மெதுவாப் போய் நான் மிச்சம் பண்ணது ஒண்ணுமே இல்லை குரோடா. பிரேக்கைத் தொடாததுலதான் எல்லாம் இருந்திருக்கு. அநியாயமா அத்தனை பேரையும் காக்க வச்சேன்."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. என்னை ஓட்டச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிக்னல் தாண்டுவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீ பிரேக்கை மிதிக்கல. உதைக்கிற."

மறு வாரம் அவளே நிஷிவாகியின் அறைக்குப் போய், இடுப்பு மடிய வணங்கி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை, அந்த நேரத்தில்தான் ரேடியோவை நிம்மதியாகக் கேட்க முடிகிறது என்றாராம். அவள் விடவில்லை. ஒரே ஒரு தடவை வேனைக் கொடுத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் நானே நின்றுகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் இப்படி நேரடியாகக் கேட்கமாட்டார்கள். அதனாலேயே அவருக்கு மறுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

வேனுக்குப் பனி டயர் மாற்ற வந்தபோது அவரே மீதியைச் சொன்னார்.

"நம்ம பக்கத்துல இருந்து அங்க வர்ற ஒகாதா தாத்தாவைத் தெரியும் இல்ல?"

"தெரியும். கணவாய் ஏறினா வாந்தி எடுப்பாரு."

"வண்டி ஏறும்போதே பையைப் பிரிச்சு மடியில வச்சுக்குவார். அன்னிக்கும் வச்சுக்கிட்டார். நான் மசுயோசானுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அவ ஓட்டம் மேல நம்பிக்கை இல்லாமத்தானே?"

"பழக்கம்" என்று மழுப்பினார். "வேகமெல்லாம் சரியாத்தான் போனாங்க. ரெண்டு வண்டி பின்னால சேர்ந்ததும் ஒதுங்கி வழி விட்டாங்க. உச்சிக்கு வந்தப்புறம்தான் பாக்கிறேன், நான் கைப்பிடியை எப்ப விட்டேன்னே எனக்குத் தெரியல. பின்னால தாத்தா வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறார். பை அப்படியே காலியா இருக்கு."

"அப்புறம்?"

"இல்லத்துக்கு வந்து எழுப்பினா, ஏன் இன்னும் கிளம்பலன்னு கேட்கிறார்."

காபி டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லா ஓட்டுறாங்க."

ஒரு தடவைதான் சொன்னார்.

ஆனாலும் முழு வேலை கிடைக்கவில்லை. சமையலறைக்கு வேறு ஆள் அமையும் வரை வாரத்தில் மூன்று நாள் வேன், மற்ற நாள் பாத்திரம். விரல்கள் இன்னும் முழுக்க ஆறவில்லை. வேனில் மின்மோட்டாரும் இல்லை, மார்க் போடுகிற திரையும் இல்லை. டீசல் வண்டி, கடகடவென்று சத்தம் போடும். அவள் புருஷனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. அவளுக்கு என்ன புதிர் என்றால், எண்ணைக் காட்டாத வண்டியிலும் தன் காலுக்குத் தெரிகிறதா என்பது. டீசல் போடும்போதெல்லாம் கணக்குப் பார்க்கிறாள். பழைய ஓட்டுநர் காலத்தைவிடக் கூடுதல் வருகிறது என்கிறாள். எவ்வளவு என்று கேட்டால் இன்னும் சொல்லமாட்டேன், சந்தேகமாக இருக்கிறது என்கிறாள்.

போன வாரம் ஒரு பழுது வண்டியைப் பார்க்க நான் கடலோரம் போக வேண்டியிருந்தது. கணவாய் தொடக்கத்தில் அவளுடைய வேன் எனக்கு முன்னால் இருந்தது. சங்கிலி மாட்டும் இடத்தில் எனக்காக ஒதுங்கி நின்றாள். நான் தாண்டவில்லை. நானும் பின்னாலேயே நிறுத்தி, நீ போ என்று கையைக் காட்டினேன். அவள் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள்.

உச்சியைத் தாண்டி இறக்கம். பனி இன்னும் விழவில்லை, ரோடு காய்ந்திருந்தது. வேன் தளர்கிற இடத்தில் நானும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேனுடைய சிவப்பு பிரேக் விளக்கு எந்த வளைவில் எரியும் என்று பார்த்துக்கொண்டே போனேன். முதல் வளைவில் எரியவில்லை. இரண்டாவதில் எனக்கு எரிந்தது, அவளுக்கு எரியவில்லை.