கரைமேட்டு அளவுகள்

2024 அக்டோபர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அது தொடங்கியது. நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில், கரைமேட்டு மனு வாசிக்கப்பட்ட நேரமாக அதுவே பதிவாகியிருக்கிறது. வாசித்தவள் நான். அந்த மனுவை எழுதியவளும் நான்தான்.

எங்கள் ஊர், மார்க்கையன்கோட்டையிலிருந்து குச்சனூர் செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஊரின் மேற்கு எல்லையில் பாசன வாய்க்கால். அதன் கரையில் பதினொரு வீடுகள் இருந்தன. அந்த வரிசைக்குக் கரைமேடு என்று பெயர். மின் இணைப்பு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது என எல்லாம் அவர்களிடம் இருந்தன. பட்டா மட்டும் இல்லை, ஏனென்றால் அது புறம்போக்கு நிலம். எங்கள் வீடு பெரிய தெருவில் இருக்கிறது. அதற்குப் பட்டா உண்டு.

கரைமேட்டின் முதல் வீட்டில் தையல்கார அக்கா இருந்தார். பெரிய தெருப் பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை தைப்பவர். அவருடைய கணவர் மாநில எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தார்; மாதம் ஒரு முறை ஊருக்கு வருவார். ஆகஸ்டில் ஒரு நாள் அம்மாவின் துணியைக் கொடுக்கப் போனபோது, அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நீ தமிழுதான படிக்கிற? பட்டாவுக்கு ஒரு மனு எழுதித் தா. கிளார்க்கு எழுதுனா நாலு வரியத் தாண்டாது. நாலு வரியப் பாத்து எவன் பட்டா குடுப்பான்?"

பழைய மனுக்களின் நகல்களை ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். எல்லாம் ஒரே வாக்கியத்தின் சாயல்கள்: நாங்கள் நெடுங்காலமாக இங்கு குடியிருந்து வருகிறோம், கருணை கூர்ந்து பட்டா வழங்க வேண்டுகிறோம். எத்தனை வீடு, எந்தப் புல எண், எவ்வளவு நீளம் என்று ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துகளும் கட்டைவிரல் ரேகைகளும் இருந்தன. இவற்றுக்குப் பதில் வராததன் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நம்பினேன். முதுகலைப் பட்டம் படிக்கிறவள் நான். ஆதாரமில்லாத வாக்கியத்தைக் கண்டால் அடிக்கோடிடும் பழக்கம் எனக்கு இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தோம். அக்காவின் தையல் டேப்புதான் அளவுகோல். அது ஐந்தடி நீளம். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார். மறுமுனை முடிகிற இடத்தில் நான் துணிச் சாக்கட்டியால் கோடு போடுவேன். பிறகு அவர் கோட்டுக்கு வருவார். வீட்டின் நீளம், அகலம், கட்டிய ஆண்டு, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரும் வாய்க்காலின் பழைய எல்லைக் கல்லிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்பதையும் எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை. எழுதினால் மனு முழுமை பெறும் என்று எனக்குத் தோன்றியது. ஐந்தாவது வீட்டின் கழிப்பறை எல்லைக் கல்லைத் தாண்டி இரண்டடி மூன்று அங்குலம் வாய்க்காலுக்குள் இருந்தது. அக்கா சிரித்தார்.

"நான் கைக்கு அளவெடுக்கையில கூட இம்புட்டுப் பாக்க மாட்டேன். நீ வாய்க்காலுக்கே ரவிக்க தைக்கப் போறியா?"

புல எண்ணை நானே தேடிக் கண்டுபிடித்தேன். பட்டியலைக் கட்டம் போட்டு எழுதி, மனுவுடன் இணைத்தேன். மொத்தம் நான்கு பக்கங்கள், கடைசியில் பதினொரு வீட்டாரின் கையெழுத்துகள்.

கிராம சபை பள்ளிக்கூடத்தின் முன்னால் சாமியானாப் பந்தலில் கூடியது. நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலிகளில் விவசாயிகள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். எங்கள் நிலம் கடைமடையில் இருக்கிறது. வாய்க்கால் குறுகிவிட்டதால், தண்ணீர் திறந்தும் இரண்டாம் போகத்தில் எங்கள் வயலுக்கு அது வந்து சேர்வதில்லை.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஊராட்சிச் செயலர் மனுவைப் புரட்டிப் பார்த்தார். ஊரில் எல்லோரும் அவரைக் கிளார்க்கு என்றுதான் சொல்வார்கள்.

"இம்புட்டு வெவரம் வேணுமாம்மா? பின்பக்கச் சுவரு எத்தனை அடி உள்ள நீட்டிட்டு இருக்குங்கிற வரைக்கும் எழுதிருக்கியே."

"உண்மைதானே சார்?"

"உண்மைதான்" என்றார். பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினார். "சரி. நீ படிச்ச புள்ள."

நான்கு பக்கங்களையும் பதிவு செய்வதற்கு அவர் சலித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஊராட்சித் தலைவர் என்னை வாசிக்கச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "கொஞ்சம் சத்தமா வாசி பாப்பா. கையெழுத்துப் போட்ட கைக்கு எதுக்குப் போட்டோம்னு தெரியட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசித்தேன். எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி வாசித்தேன்.

முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "வாய்க்காலுக்குள்ள வீட்டக் கட்டிக்கிட்டு இப்ப பட்டாவும் வேணுமாக்கும்?"

அக்கா உட்கார்ந்தபடியே திரும்பினார். "வாய்க்காலுக்குள்ள யாருண்ணே கட்டுனா? நாங்க கரையிலதான் இருந்தோம். மழையில கரைதான் கரைஞ்சு எங்க வாசலுக்கு வந்துச்சு. நாங்க ஒண்ணும் தொரத்தலையே."

கேட்டவரும் சிரித்துவிட்டார். மனுவை உரிய நடவடிக்கைக்காக வருவாய்த் துறைக்கு அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. ஒருமனதாக. பெண்கள் கை தட்டினார்கள்.

அடுத்த தீர்மானத்தை முன்மொழிந்தவர் என் அப்பா. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர, வாய்க்காலைப் பழைய அகலத்துக்கு மீட்டுத் தூர்வாருவதை ஊரின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதற்கும் எல்லோரும் கை தூக்கினார்கள். அக்காவும் தூக்கினார். அவருடைய சொந்தக்காரர்கள் எங்களைப் போன்றவர்களின் வயலில்தான் நாற்று நட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் அவர்களுக்கும் வேலை. நானும் கை தூக்கினேன். இரண்டு தீர்மானங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன, ஒரே உறையில் சென்றன. இரண்டும் ஒரே கரையைப் பற்றியவை என்பது அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவேளை கிளார்க்குக்குத் தோன்றியிருக்கலாம்.

பொங்கல் முடிந்து சில நாட்களில் பதினொரு வீடுகளின் கதவிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நீர்வழிப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பைக் காலி செய்ய வேண்டும். இணைப்பாக ஒரு பட்டியல், கட்டம் போட்டுத் தட்டச்சு செய்யப்பட்டது. அக்கா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வீடுகளின் வரிசை என்னுடையது. கூரைகளை நான் விவரித்த சொற்கள் அப்படியே இருந்தன. ஐந்தாவது வீட்டின் இரண்டடி மூன்று அங்குலமும் இருந்தது. "எல்லைக் கல்லைத் தாண்டி" என்ற என் சொற்றொடருக்குக் கீழே மட்டும் புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள்.

"என்னத்தா போட்டிருக்காக?" என்று கேட்டார் அக்கா.

அறிவிப்பைச் சொன்னேன். பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை.

பிறகு பதில் மனு எழுதினேன். அக்காவுடன் மூன்று முறை தாலுகா அலுவலகம் சென்றேன். மூன்றாம் முறை இருந்த அதிகாரி நல்லவர். எங்களை உட்காரச் சொல்லி, கோப்பைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களேம்மா, வாய்க்காலுக்குள்ள இருக்குன்னு. இதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?" என்றார். மலையடிவாரத்தில் மாற்று இடம் உண்டு, சாலையும் விளக்கும் பின்னால் வரும் என்றார். அக்கா கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பக்கங்களும் என் கையெழுத்தில் இருந்தன. மசியின் நிறம் கூட மாறவில்லை.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. தகரப் பெட்டியிலிருந்த அந்தப் பழைய மனுக்களை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கு ஒருபோதும் பதில் வரவில்லை. பதில் வராத ஆண்டுகளில்தான் அந்தப் பதினொரு வீடுகளிலும் பிள்ளைகள் பிறந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன, தகரக் கூரைகள் சிமெண்டு ஷீட்டாக மாறின.

மே மாதத்தில், முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், இடித்தார்கள். ஜேசிபி காலை ஒன்பது மணிக்கு வந்தது. மாற்று இடத்துக்கு அதுவரை சீட்டு மட்டுமே கொடுத்திருந்தார்கள். அதனால் கோடை விடுமுறையில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் வராந்தாவை, ஜனவரியில் பதவிக்காலம் முடிந்திருந்த தலைவர் சொல்லித் திறந்துவிட்டார்கள்.

நான் போயிருந்தேன். எல்லோரும் கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா முதலில் வெளியே கொண்டுவந்தது ஒரு பெரிய துணி மூட்டை. பெரிய தெருப் பெண்களின் ரவிக்கைகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. "மத்தவுக துணி. ஒண்ணு கெழிஞ்சாலும் என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். அடுத்துத் தையல் இயந்திரம். அடுப்பும் பாத்திரமும் அதற்குப் பிறகுதான்.

சர்வேயர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்தார். ஐந்தாவது வீட்டருகே நின்று பொதுவாகக் கேட்டார்: "யாரும்மா இந்த அளவெல்லாம் எடுத்தது? நாங்க செயின் போட்டுப் பாத்தோம், ஒரு அங்குலம் மாறலை. எங்க ஆளுக எடுத்தாக்கூட இவ்வளவு சுத்தமா வராது."

"எங்க பாப்பாதான் சார். எம்.ஏ. படிக்குது" என்றார் அக்கா.

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று கூர்ந்து கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. சர்வேயர் என்னைப் பார்த்துப் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினொரு வீடுகளும் முடிந்துவிட்டன. மண் வாய்க்காலுக்குள் விழுந்திருந்தது. அதையும் அள்ளி லாரியில் ஏற்றினார்கள்.

அன்று மாலை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த வருசம் தண்ணி வந்துரும்" என்றார். அதை அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா குழம்பை எடுத்து ஊற்றினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் கல்லூரிப் பையிலிருந்த தையல் டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அளந்த நாளிலிருந்து அது என்னிடமே தங்கிவிட்டது. அக்கா வேறு டேப் வாங்கியிருந்தார். ஒரு முறையும் திருப்பிக் கேட்கவில்லை. வராந்தாவில் மூன்றாம் வகுப்புக் கதவுக்கு முன்னால் இயந்திரத்தைப் போட்டு, கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

டேப்பை அவருக்கு முன்னால் வைத்தேன். "அக்கா, நோட்டீஸ்ல இருந்த பட்டியல் நான் எழுதுனது" என்றேன்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" ஊசியை நிறுத்தவில்லை. "டேப்போட மறுமொனைய யாரு புடிச்சா? நாந்தான புடிச்சேன்."

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மூட்டையை என் பக்கம் தள்ளினார்.

"இதெல்லாம் தச்சு முடிஞ்சிருச்சு. சீட்டுல பேரு இருக்கு. நீயே குடுத்துட்டு வந்துரு. நான் இன்னைக்கு அந்தத் தெருவுக்குள்ள வரலை."

தூக்கிக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்தேன். சீட்டுகளைப் படித்து, வீடு வீடாகக் கொடுத்தேன். சிலர் துணியை விரித்துக் கொக்கியை இழுத்துப் பார்த்தார்கள். ஒருவர், "இந்த நெலமையிலயும் சொன்ன தேதிக்குக் குடுத்துட்டாளே" என்றார். இன்னொருவர், கழுத்து கொஞ்சம் இறக்கமாகிவிட்டது, திருத்தித் தரச் சொல் என்று திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டேன்.

மூட்டையின் அடியில் இருந்தது அம்மாவுடையது. கடைசியாக எங்கள் வீட்டுக்குப் போய் அதைக் கொடுத்தேன். அம்மா அறைக்குள் போய் அணிந்துகொண்டு வந்து, கையைத் தூக்கிப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்றாள்.