வெண்ணெய் உருண்டைக் கல்லை நான் தாங்கிய மத்தியானம்

மகாபலிபுரத்துச் சரிவில் வெண்ணெய் உருண்டை என்றொரு பெரிய கல், இதோ உருளப் போகிறேன் என்பதுபோல நிற்கிறதே, எழுபதுகளில் அதன் நிழலில்தான் அம்மா கூடை வைத்து அவித்த வேர்க்கடலை விற்றாள். நான் மூன்றாம் வகுப்பு. அந்தக் கல்லை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. என் புத்தியைக் குழப்பியவர் மாமாதான்.

மாமா, அம்மாவின் தம்பி, செங்கல்பட்டில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தவர், மணலில் குச்சியால் கல்லையும் சரிவையும் வரைந்து, கோடு மேல் கோடு இழுத்து, நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

“இது எப்பவோ உருண்டுகினு போயிருக்கணுமே,” என்றார். “ஒண்ணு என் கணக்கு தப்பு, இல்லாங்காட்டி கல்லு தப்பு.”

கல்லை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். பூமி என்றார். பூமியை? சூரியன். சூரியனை? மாமா டீ குடிக்கப் போய்விட்டார். எதையும் எதுவும் சரியாகப் பிடித்திருக்கவில்லை, அப்படிப்பட்ட கல்லுக்கடியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு மிஞ்சியது.

வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று அழுதேன்.

“போடி பைத்தியம். ராசா காலத்துலேர்ந்து நிக்குது, இன்னிக்கா வுழப்போவுது?” என்றாள் அம்மா.

அவளிடம் பேசிப் பயனில்லை. சரிவில் ஏறி, கல்லின் அடிப்பக்கம் இரண்டு கைகளையும் முட்டுக்கொடுத்து நின்றேன். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் போட்டோகூட எடுத்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை எடுத்தால் அம்மா போய்விடுவாள், இந்த மடையர்களுக்கு விளையாட்டாக இருக்கிறது.

சோற்று வேளை தாண்டியும் நான் இறங்கவில்லை. அம்மா அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் புடவையைச் செருகிக்கொண்டு மேலே வந்தாள். கல்லை அண்ணாந்து பார்த்தாள். கீழே இருந்த கூடையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் தன் கைகளையும் கல்லில் வைத்தாள்.

“நான் புடிச்சிக்கிறேன். நீ போய் துன்னுட்டு வா.”

அரைகுறையாக விழுங்கிவிட்டு ஓடி வந்தேன். அம்மா அப்படியே நின்றிருந்தாள். கடலை கேட்டு வந்தவர்கள் கூடையருகே நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“போதும், வா,” என்று என் கையைப் பிடித்து விடுவிடுவென்று இறங்கினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு தூரத்து மரத்தடிக்கு நடந்தாள். ஏன் என்று கேட்ட மாமாவிடம், “அங்க வெயிலு வந்துடுச்சி,” என்றாள். நிழல் அங்கே நன்றாகத்தான் விழுந்து கிடந்தது.

என்னைப் பிடித்திருந்த அவள் உள்ளங்கை சில்லிட்டு நனைந்திருந்தது. கல் அவ்வளவு கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.